மலையகத்துச் சதுப்பில் நடக்க ஒரு முழு வழிகாட்டி: பறவை, பூ, பருவம்

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்கரை. பீலியில் விழுந்து வழியும் தண்ணீர், தேயிலை முடிகிற இடத்தில் ஒரு பள்ளத்தில் போய்த் தேங்கும். கோரையும் காட்டுச்சேம்பும் மண்டிய அந்தப் பள்ளத்துக்குப் பெயர் எதுவும் கிடையாது. "சேத்துப்பக்கம்" என்போம், அவ்வளவுதான். ஒரு செப்டெம்பர் காலையில் குடம் வைக்கப் போன சின்னம்மா திரும்பி வந்து, "புள்ள, வாலாட்டி வந்திருச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். ஈரக் கல்லின் மேல் சாம்பல் முதுகும் மஞ்சள் அடிவயிறுமாக ஒரு சின்னக் குருவி, நீண்ட வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றது. இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் குளிருக்குத் தப்பி வருகிற பறவை அது. அத்தனை தூரம் பறந்து வந்து எங்கள் பீலிக்கரையில் நிற்கிறது. சின்னம்மா அதை வருடா வருடம் பார்த்திருக்கிறார். நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இலங்கை மலையகத்தில் ஈரநிலம் பார்க்க வேண்டும் என்றால் பலரும் உடனே ஹோர்ட்டன் சமவெளிக்கு வேன் பிடிக்கிறார்கள். போங்கள், அதற்கும் கீழே வழி சொல்கிறேன். ஆனால் வருடத்தில் ஒருமுறை போய்வந்த சமவெளியைவிட, மாதம் இரண்டு முறை நடந்த ஒரு சின்னச் சதுப்பு உங்களுக்கு அதிகம் காட்டும். எது வந்தது, எது போனது, எது பூத்தது என்பதெல்லாம் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த எண்ணத்தில் எழுதியது.

முதலில், உங்கள் சதுப்பைத் தேர்ந்தெடுங்கள்

உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கு ராம்சார் பட்டியல் என்று ஒன்று உண்டு. இலங்கையில் அதில் உள்ளவை ஆறு: புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. ஒன்றுகூட மலையகத்தில் இல்லை. அதனால்தானோ என்னவோ, நம் பக்கத்துச் சதுப்புகளை நாமே கண்டுகொள்வதில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் மூன்று வகை இருக்கின்றன.

ஒன்று, உயரமான புல்வெளிகளின் நடுவே இயற்கையாகவே அமைந்த கறுப்பு மண் சதுப்பு. ஹோர்ட்டன் சமவெளியிலும் அம்பேவெல, பட்டிப்பொல பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் செத்த புல் சீக்கிரம் மக்காது. அது அடுக்கடுக்காகத் தங்கிப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் சொட்டுச் சொட்டாக விடும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து தண்ணீர் போகிறது என்பதை நினைத்தால் அந்தப் பஞ்சின் அருமை புரியும்.

இரண்டாவது, ஆட்கள் கட்டிய ஏரியும் நீர்த்தேக்கமும். நுவரெலியா கிரகரி ஏரி இருக்கிற இடம் முன்பு வெறும் சதுப்பு. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், பிதுருதலாகலையிலிருந்து இறங்கும் தலகல ஓயாவை மறித்து ஏரியாக்கினார்கள். இன்றும் படகுத்துறையை விட்டுத் தள்ளி, கோரை மண்டிய ஓரங்களுக்குப் போனால் பழைய சதுப்பின் முகம் தெரியும். காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களின் கரைகளும் இந்த வகைதான்.

மூன்றாவது, யாரும் கணக்கில் எடுக்காத சின்னப் பள்ளங்கள். தேயிலை மலைகளுக்கு நடுவே, மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே, கான் எனும் வடிகால்கள் எல்லாம் வந்து சேரும் இடம். என் ஓட்டு இதற்குத்தான். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் நடந்து போகக்கூடியதாக, வருடம் முழுக்கக் கொஞ்சமாவது தண்ணீர் நிற்பதாக, ஓரத்தில் காய்ந்த நடைபாதை உள்ளதாகப் பாருங்கள். பக்கத்தில் ஒரு புதரோ நாலு சவுக்கு மரமோ இருந்தால் இன்னும் நல்லது. தோட்டத்துக் காணியாக இருந்தால் கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். எந்தப் புதரில் என்ன கூடு கட்டியிருக்கிறது, எந்த மரத்தில் குளவிக்கூடு தொங்குகிறது என்று அவர்களைப் போல் தெரிந்தவர் கிடையாது.

நேரம்

காலை ஆறு மணிக்குச் சதுப்பில் நிற்க வேண்டும். ஒன்பதரைக்குத் திரும்பிவிடலாம். மலையில் பகலேறினால் மேகம் இறங்கும், காற்று எழும், பறவை அடங்கிவிடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்நேரம் இடி மின்னலோடு மழை வரும். திறந்த புல்வெளியில் அப்போது நிற்கவே கூடாது. மாலை நடை வேண்டுமென்றால் மற்ற மாதங்களில், நாலரையிலிருந்து இருட்டும் வரை.

எடுத்துப் போக வேண்டியது

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 என்று எழுதியதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். நம் ஊர் மூடுபனியில் வெளிச்சம் குறைவு, அதனால் அந்த 42 முக்கியம். இருபது மடங்கு என்று கடையில் காட்டுவதை எடுக்காதீர்கள். கை நடுக்கத்தையும் இருபது மடங்காக்கும். பைனாகுலர் இல்லையென்றாலும் கவலை வேண்டாம், முதல் ஒரு வருடத்துக்குக் கண்ணும் காதும் போதும்.

சேற்று நிறத்திலோ இலை நிறத்திலோ உடுப்பு. முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்து. ரெயின்கோட், எந்த மாதமானாலும். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலுறையின் மேல் தண்ணீர் தொடாமல் தேய்த்து விடுங்கள், சிலர் தேசிக்காயும் தேய்ப்பார்கள். ஒரு போத்தல் தேத்தண்ணி, ரொட்டி. அப்புறம் சின்னக் கொப்பியும் பென்சிலும். பேனை ஈரத்தில் எழுதாது.

நடக்கிற விதம்

இதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் நன்றாக நடக்கிறார்கள், அதனாலேயே எதையும் பார்ப்பதில்லை. சதுப்பில் நடை என்பது பெரும்பாலும் நிற்பது.

கரைக்கு ஐம்பதடி முன்னாலேயே நில்லுங்கள். ஐந்து நிமிடம் அசையாதீர்கள். நீங்கள் வந்ததைப் பார்த்து ஒளிந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் வருவது பெரும்பாலும் கானாங்கோழி. வெள்ளை முகமும் வெள்ளை நெஞ்சும், வாலுக்கு அடியில் செங்கல் நிறம். வாலைச் சுண்டிச் சுண்டி, ஒவ்வோர் அடியையும் யோசித்து வைப்பது போல நடக்கும். அடுத்து, இவ்வளவு நேரமும் காய்ந்த கட்டை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று கழுத்தை நீட்டும். அது மடையான். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். பறந்தால் இறகு முழுக்கப் பால்வெள்ளை. முதல் தடவை பார்க்கிறவர் இரண்டு பறவை என்றே நினைப்பார்.

அதன் பிறகு இருபது அடி நடந்து, மறுபடி நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகில் இருக்கட்டும். பேச்சைக் குறையுங்கள். கையை நீட்டிக் காட்டாமல், "அந்தச் சாய்ந்த கோரைக்கு வலது பக்கம்" என்று வாயால் சொல்லப் பழகுங்கள். பிள்ளைகளோடு போனால் இதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

எங்கே காலை வைப்பது என்பதும் முக்கியம். பச்சைப் பாய் விரித்தது போல ஒரே சீராகத் தெரியும் இடம் நிலம் இல்லை, தண்ணீரின் மேல் மிதக்கும் செடி. ஒருமுறை நான் அப்படி ஒன்றில் கால் வைத்து முழங்காலுக்கு மேல் இறங்கிவிட்டேன். கூட வந்த மாமா தன் குடையை நீட்டித்தான் இழுத்தார். கோரைக் குத்துகளின் அடியில் மிதியுங்கள், சந்தேகமான இடத்தில் ஒரு கம்பால் குத்திப் பாருங்கள். தனியாகப் போனால் கரையை விட்டு உள்ளே இறங்க வேண்டாம்.

ஈரப் புல்லின் ஓரமாக நடக்கும்போது, ஒக்டோபர் முதல் மார்ச் வரை, ஒன்றை எதிர்பாருங்கள். காலடியிலிருந்து கரகரத்த ஒரு சத்தம், அதோடு ஒரு பழுப்புப் பறவை வெடித்துக் கிளம்பும். நெஞ்சு ஒரு நொடி நின்றுவிடும். அதுதான் உள்ளான். பறந்து போனதைத் துரத்தாமல், அது போய் இறங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு காத்திருந்தால் மறுபடி வெளியே வரும். ஒரு தை மாதக் காலையில் அப்படி எனக்குப் பத்தடி தூரத்தில் ஒன்று மேய்ந்தது. முதுகில் வைக்கோல் நிறக் கோடுகள் நீளவாக்கில் ஓடின. அந்தக் கோடுகளால்தான் அது காய்ந்த கோரைக்குள் கரைந்துபோகிறது. தன் தலையைப் போல இரண்டு மடங்கு நீளமான அலகைச் சேற்றுக்குள் அடிவரை செருகி, தையல் ஊசி போல மேலும் கீழும் குத்தியது. அலகின் நுனி உணர்ச்சியுள்ளது, மண்ணுக்குள்ளேயே நுனியை மட்டும் திறந்து புழுவைப் பிடித்துவிடும். சேற்றைத் தோண்டி நான் பார்த்தபோது என் கண்ணுக்கு ஒரு புழு கிடைக்கவில்லை. அதற்குக் காலை முழுக்கக் கிடைத்துக்கொண்டிருந்தது.

பறவைகளை அடுக்கடுக்காகப் பாருங்கள்

பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். கண்ணைத் தண்ணீரிலிருந்து மேலே கொண்டுபோங்கள்.

திறந்த தண்ணீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும். முக்குளிப்பான் முங்கினால் எந்தப் பக்கம் எழும்பும் என்று எண்ணிக்கொண்டே காத்திருப்பது ஒரு தனிச் சுகம். கோரை ஓரத்தில் கானாங்கோழியும், சிவப்பு நெற்றியுள்ள தாழைக்கோழியும். கொம்பிலும் கம்பியிலும் மீன்கொத்தி. புல்வெளி முள்வேலியின் உச்சியில் கறுப்பாக ஒரு சின்னக் குருவி, சிறகில் வெள்ளைத் திட்டோடு உட்கார்ந்திருந்தால் அது புதர்ச்சிட்டு. இலங்கையில் இதைப் பார்க்க மலைக்குத்தான் வரவேண்டும், கீழ்நாட்டில் இல்லை. பெட்டை மண் நிறம்.

வானத்தில் தகைவிலான்கள். இரண்டு வகையையும் பிரிக்கப் பழகுங்கள். வருடம் முழுக்க இங்கேயே இருந்து, பாலத்துக்கு அடியிலும் கட்டடங்களின் கூரை இறவாரத்திலும் மண் கூடு கட்டும் மலைத் தகைவிலானுக்கு வால் குட்டை, நெஞ்சில் கறுப்புப் பட்டி கிடையாது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிறதற்கு நெஞ்சில் பட்டி உண்டு, வளர்ந்ததற்கு வாலில் இரண்டு நீண்ட கம்பி உண்டு.

சதுப்பை ஒட்டிய மரங்களில்தான் மலையகத்துக்கே உரிய செல்வம். இலங்கையில் மட்டுமே வாழும் பறவை இனங்கள் முப்பதைத் தாண்டும், அதில் நல்ல பங்கு இந்த மலைகளில். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கரும்பச்சை வெள்ளைக்கண்ணி, மங்கிய நீல ஈபிடிப்பான் மூன்றையும் நுவரெலியாப் பக்கத்தில் பொறுமையாக நின்றால் பார்த்துவிடலாம். நுவரெலியா விக்டோரியா பூங்காவில், பின்புற ஓடைக்கரையில், நவம்பர் முதல் மார்ச் வரை காஷ்மீர் ஈபிடிப்பான் வரும். அதன் கூடு கட்டும் காடு காஷ்மீர்ப் பக்கத்து மலைகளில், குளிர்காலம் நம்மிடம். ஆறுமணிக்குருவியும் அதே ஓடைக்கரையில் குப்பை இலையைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

போனில் பறவைச் சத்தத்தை ஒலிக்கவிட்டு வரவழைப்பதை நான் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள். அது தன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான் என்று பதறி, மேய்ச்சலை விட்டு வருகிறது. ஒருவர் செய்தால் பரவாயில்லை என்று தோன்றும். பிரபலமான ஓடைக்கரைகளில் தினமும் பத்துப் பேர் செய்கிறார்கள்.

பூக்களுக்குக் குனிய வேண்டும்

பறவைக்கு அண்ணாந்து பார்த்தவர், பூவுக்கு முழங்காலில் உட்கார வேண்டும். சதுப்புப் பூக்கள் அவ்வளவு சின்னவை.

கறுப்பு மண் சதுப்பில் தழைச்சத்து மிகக் குறைவு. அதனால் அங்கே வளரும் சில செடிகள் பூச்சியைத் தின்று பிழைக்கின்றன. அழுகண்ணியைத் தேடுங்கள். ஒரு சதத் துட்டைவிடச் சின்ன இலை, அதைச் சுற்றிச் சிவப்பு முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு துளி. பனி என்றுதான் நினைப்பீர்கள். பத்து மணி வெயிலிலும் காயாமல் இருந்தால் அது பனி இல்லை, பசை. நான் பார்த்த ஒன்றில் ஒரு கொசு காலை விடுவிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது பக்கத்து முடிகள் எல்லாம் அதன் மேல் கவிழ்ந்திருந்தன. தண்ணீர் ஊறிய இடங்களில் உட்ரிகுலேரியா என்ற இன்னொன்று உண்டு. மேலே ஊதாவிலோ மஞ்சளிலோ ஒரு பொட்டுப் பூ. வேலை எல்லாம் கீழே, சின்னச் சின்னப் பைகளால் நீர்ப்பூச்சிகளை உறிஞ்சிக்கொள்கிறது.

ஈரப் புல்வெளி ஓரங்களில் ஊதா இதழும் மஞ்சள் நடுவுமாகப் பினர பூக்கும். சிங்களத்தில் செப்டெம்பர் பௌர்ணமிக்கும் பினர என்றே பெயர். உயரத்தில், முறுக்கிய அடிமரத்தில் சிவப்புக் கொத்தாகப் பூப்பது மகா ரத்மல். தமிழில் காட்டுப் பூவரசு என்றும் சொல்வார்கள். அது பூத்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் குருவிகள் தாமாகவே வரும்.

நெலு என்கிற நம் ஊர்க் குறிஞ்சிக்குப் பொறுமை வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் 2013இல் மலை மலையாகப் பூத்தது. பன்னிரண்டு வருடக் கணக்கு அது. எல்லா நெலு இனமும் ஒரே வருடத்தில் பூப்பதில்லை, ஆகவே இடைப்பட்ட வருடங்களிலும் அங்கங்கே ஒரு புதர் பூத்திருக்கும்.

அழகாக இருப்பதெல்லாம் இந்த மண்ணுடையது அல்ல என்பதையும் பாருங்கள். நுவரெலியாச் சதுப்புகளில் தானாக வளரும் வெள்ளை அரும் லில்லி தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. சமவெளியில் மஞ்சளாகப் பூக்கும் முட்புதர் ஐரோப்பாவிலிருந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகாயத்தாமரையை யாரும் அழகு என்று வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம், அடுத்த மழையில் அது பக்கத்து ஏரிக்குப் போய்விடும்.

வருடம் எப்படிப் போகிறது

ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் வாலாட்டி வரும். ஒக்டோபர், நவம்பரில் உள்ளான், தகைவிலான், ஈபிடிப்பான் எல்லாம் வந்து சேரும். டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளையில் மழை அதிகம். தைப்பொங்கலை ஒட்டிய வாரங்களில் நுவரெலியாவில் துகள் உறைபனி விழும். அந்தக் காலையைத் தவறவிடாதீர்கள். கோரை ஒவ்வொன்றும் உப்பில் தோய்த்தது போல நிற்கும். வெயில் தொட்டதும் கால் மணி நேரத்தில் எல்லாம் தண்ணீர்.

ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் வறட்சி. நீர்த்தேக்கம் வற்றிச் சேற்றுக்கரை வெளியே வரும். கொக்கும் ஆள்காட்டியும் அங்கே கூடும். மவுசாக்கலையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவிலும் தலைகாட்டும். பறவை பார்க்கப் போனவர்கள் அதன் முன்னால் கும்பிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலத்துக்கு ஊரே திரண்டு வரும். ஏரிக்கரைப் பக்கம் போக வேண்டாம், உங்கள் சின்னச் சதுப்புக்கே போங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மேற்குச் சரிவில் மழை ஓயாது. வந்த பறவைகள் போய்விட்டதால் வெறிச்சென்று இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை, நம் சொந்தப் பறவைகளின் வாழ்க்கையைப் பார்க்க நிதானம் கிடைப்பது அப்போதுதான். மழை விட்ட அரை மணி நேரம் போதும்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு நாள்

ஜனவரி முதல் மார்ச்சுக்குள் ஒரு வார நாளில் போங்கள். வாசல் திறக்கும் ஆறு மணிக்கே நுழைந்துவிடுங்கள். பொலித்தீனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுபோங்கள். எல்லாரும் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தாக்கு விளிம்பை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் முதலில் அரெங்கா குளத்தருகே அமைதியாக நில்லுங்கள். அரையிருட்டில், ஓடைக்கரைக் கல்லில், சீழ்க்கைப் பூங்குருவி வரக்கூடும். கருநீல உடம்பு, தோளில் பளிச்சென்ற நீலம், கம்பி போல மெல்லிய ஒரு சீழ்க்கை. இலங்கையில் மட்டுமே வாழ்வது, காண்பதற்கு அரிது. வரவில்லையென்றாலும் அந்த அரை மணி நேரத்தில் குட்டை மூங்கிலுக்குள் வேறு எத்தனையோ அசையும். பிறகு சுற்றுப்பாதை, கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர். பாதையை விட்டு இறங்காதீர்கள், ஒரு காலடியில் நசுங்கிய கறுப்பு மண் எழும்ப வருடங்கள் ஆகும். மரைகள் பழகியது போலக் கிட்டே வரும். எதையும் ஊட்ட வேண்டாம். பூவோ விதையோ ஒன்றையும் பறிக்கக் கூடாது, தேசியப் பூங்காவில் அது குற்றம்.

கொப்பி

ஒவ்வொரு நடைக்கும் தேதி, நேரம், வானிலை, தண்ணீர் மட்டம், என்ன பார்த்தீர்கள், எத்தனை, அது என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். அலகின் நீளம், வாலின் ஆட்டம், கால் நிறம், உட்கார்ந்த இடம் என்ற நான்கையும் குறித்தால் பின்னால் கண்டுபிடித்துவிடலாம். விருப்பம் இருந்தால், பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) செயலியிலும் பதியுங்கள். மலையகத்துச் சின்னச் சதுப்புகளிலிருந்து பதிவு போவது குறைவு, உங்கள் பள்ளம் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறும். எதையும் பார்க்காத நாளையும் எழுதுங்கள்.

வந்த நாளைக் குறிப்பது எளிது. வாலாட்டி வந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். போகிற நாளை யாரும் சொல்வதில்லை. அது ஒரு காலையில் கல்லின் மேல் இருக்காது, அடுத்த நாளும் இருக்காது, ஒரு வாரம் கழித்துத்தான் நினைவு வரும். அதனால் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நான் தினமும் பீலிக்குப் போகும்போது ஒரு வரி எழுதிவிடுவேன். "பீலி, காலை ஆறே கால், வாலாட்டி ஒன்று." அடுத்த நாளும் அதே வரி. எந்த வரி கடைசி வரி என்பது எழுதும்போது எனக்குத் தெரியாது.